கடைசிச் சண்டையின் வெளிச்சம்

முதலில் ஒரு விஷயம். உங்கள் அறைக் குழல்விளக்கு துடிக்கிறது. ஆளை விட்டு மாற்றச் சொல்லுங்கள். எல்லோர் உடம்புக்கும் அது ஒத்துக்கொள்ளாது.

விமர்சகர்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எங்கள் வீடியோ கேமின் முதல் பாகத்தை உயிரைக் கொடுத்துச் செய்தோம். வாள், மந்திரம், டிராகன் எல்லாம் உண்டு. அதில் வெளிச்சம் என் வேலை. வாள் மோதினால் பொறி, மந்திரம் சொன்னால் மின்னல், டிராகன் வாய் திறந்தால் தீ. அலுவலகத்தில் என்னை வெளிச்சக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாரும் பாராட்டி எழுதினார்கள். ஒருவர் மட்டும் பத்துக்கு ஆறு போட்டார். கடைசிச் சண்டை வெளுத்துப்போன துணி மாதிரி இருக்கிறது என்றார். அவர் என் அக்காவின் கணவர்.

அவர் ஒன்று எழுதினால் நாலு பேர் அதையே திருப்பி எழுதுவார்கள். நேர்மையானவர், அதில் சந்தேகமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் என் தோளைத் தட்டினார்.

“கோச்சுக்காதடா மச்சான். சொந்தம் வேற, மார்க்கு வேற.”

“நீங்க மின்னலைக் குறைச்சு வச்சுக்கிட்டுத்தானே ஆடினீங்க அத்தான்?”

“பின்ன? இல்லேன்னா உங்கக்கா என்னை ஆட விடுவாளா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தானுக்கு வலிப்பு உண்டு. கல்யாணத்தன்று போட்டோக்காரரின் பிளாஷ் விடாமல் அடித்ததில் புதுச் சட்டையோடு தரையில் விழுந்தார். அக்காவின் மடியில்தான் கண் விழித்தார். அவரைப் போன்றவர்களுக்காகவே கேமில் மின்னலைக் குறைக்க ஒரு பட்டன் வைப்போம். அதை அழுத்தினால் நான் போட்ட வெளிச்சமெல்லாம் சாம்பல் பூத்துவிடும். ஆக, அவர் என் வேலையைப் பார்க்கவே இல்லை. பார்க்காததற்கு மார்க் போட்டிருக்கிறார். வாயில் வைத்தே பார்க்காமல் உப்பில்லை என்றால் சமைத்தவனுக்கு வயிறு எரியாதா? எனக்கும் எரிந்தது.

இரண்டாம் பாகம் தயாரானது. வெளியாவதற்கு முன்பே விமர்சகர்களுக்கு ஒரு பிரதி அனுப்புவது வழக்கம். அத்தானுக்கான பிரதியை நானே தனியாகத் தயார் செய்தேன். சொந்தக்காரர் அல்லவா? அதிலும் பட்டன் ஒழுங்காக வேலை செய்தது, கடைசிச் சண்டையைத் தவிர. அங்கே மட்டும் முழு மின்னல். மார்க் எனக்குப் பெரிதில்லை. நான் செய்ததை அவர் ஒருமுறை தன் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் செய்தேன்.

அக்கா போன் செய்தாள்.

“டேய், அந்த மின்னல் பட்டன் இதுலயும் இருக்குல்ல?”

“இருக்குக்கா.”

“அப்ப நான் நிம்மதியா கடைக்குப் போயிட்டு வரலாம்.”

“போயிட்டு வாக்கா.”

கவனியுங்கள், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவள் பைகளோடு திரும்பி வந்தபோது அத்தான் தரையில் கிடந்தார். திரையில் டிராகன் மின்னிக்கொண்டிருந்தது.

விமர்சனங்கள் எல்லாம் ஒரே காலையில் வெளிவந்தன. அன்றுதான் அத்தானை எடுத்தோம். ‘உயிரை வாங்கும் கடைசிச் சண்டை!’ என்று ஒருவர் தலைப்பே வைத்திருந்தார். வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து அதை வாசித்தேன். உள்ளே அக்கா கதறிக்கொண்டிருந்தாள். எனக்கும் அழுகை வந்தது. பாராட்டுக்கா, சாவுக்கா என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தெரியாமல் நேர்ந்த பிழை என்று சொல்லிவிடு என்கிறார் வக்கீல். அது மட்டும் என்னால் முடியாது. என் வேலையில் பிழை கிடையாது. அவர் விழுவார் என்று தெரியும். எழாமலே போகலாம் என்றும் தெரியும். தெரிந்துதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அத்தானின் கணினியில் பாதி விமர்சனம் இருந்தது என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். கடைசிச் சண்டைக்கு முன்பே எழுதி வைத்தது. ‘மின்னலைக் குறைத்து ஆடிய எனக்கே கண் நிறைந்துவிட்டது’ என்று ஒரு வரி, கீழே பத்துக்கு ஒன்பது. நல்ல மனிதர். அந்தச் சண்டையை மட்டும் முழுதாகப் பார்த்திருந்தால் பத்தே போட்டிருப்பார்.