ஒரு லட்சம் முழங்கால்களும் ஒரே ஒரு நெஞ்சும்

நான் வாயைத் திறக்கும் முன்பே 'ஐந்து நிமிடம்' என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே! கணினிகளைக் காத்துக் காத்துத் தம் தலைமுடியைக் காக்க மறந்துபோன பெரியோர்களே! சர்வர் அறையின் குளிரில் பிள்ளைகள் விறைத்துவிடாமலிருக்க, வெயில் கொளுத்தும் நாளிலும் கம்பளிச் சட்டை கொடுத்தனுப்பும் தாய்மார்களே! முன்வரிசையில் அருகருகே அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருக்கும் மூன்று நிறுவனங்களின் விற்பனை வேந்தர்களே! மருத்துவமனையின் சர்வர் அறையைப் பதினான்கு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் இந்த எளியவளின் வணக்கம்.

'தரவுச் சேமிப்பின் எதிர்காலம்' என்று தலைப்புத் தந்தார்கள். எதிர்காலத்தை நான் எங்கே காண்பேன்? எனக்குத் தெரிந்ததெல்லாம் நோயாளிகளின் படங்களைச் சுமந்து பன்னிரண்டு வட்டுகள் சுழலும் ஒரு பழைய பெட்டியும், அதைத் தூக்கியெறியச் சொல்லும் இந்த மூவரும்தான். முதலாமவர் வேகக்காரர். "சுழலும் வட்டெல்லாம் போயிடுச்சு மேடம், இனி எல்லாம் சுழலாத ஃபிளாஷ் சில்லு" என்பார். இரண்டாமவர் சுருக்கர். ஒரே கோப்பு நூறு முறை வந்தால் ஒருமுறை மட்டுமே வைக்கும் பெட்டி அவருடையது. மூன்றாமவர் மேகக்காரர். பெட்டியே வேண்டாம், எல்லாவற்றையும் கிளவுடில் போடுங்கள் என்பார். மூவரும் சொல்வது உண்மையா? உண்மை. மூவரும் மற்ற இருவரைப் பற்றிச் சொல்வது உண்மையா? அதைத் தேநீர் இடைவேளையில் அவர்களிடமே கேளுங்கள்.

சென்ற ஆண்டு எங்கள் அறையிலே ஒரு போட்டி வைத்தோம். மூவரின் கருவிகளும் வந்தன; பெட்டியே வேண்டாம் என்றவரும் ஒரு பெட்டியோடுதான் வந்தார். வந்ததும் முதல் சண்டை எதற்கு? வேகத்துக்கா? விலைக்கா? இல்லை, சுவரிலிருந்த நல்ல பிளக் பாயிண்ட்டுக்கு! சமாதானம் செய்ய நான் என்ன செய்தேன்? பழைய பெட்டியை அணைத்து, அதன் பாயிண்ட்டைக் கொடுத்தேன். "பேக்கப் இருக்கு, பயமில்ல" என்றேன். இருக்காதா பின்னே? எட்டு ஆண்டுகளாய்த் தினமும் பச்சை விளக்கைப் பார்த்துப் பதிவேட்டில் டிக் அடித்தவள் நானல்லவா!

அடுத்து, சோதனைக்குப் படங்கள் வேண்டும். நோயாளிகளின் படங்களை அந்நியர் கருவியில் ஏற்றக்கூடாது. ஆகவே என் முழங்கால் எக்ஸ்ரேயை எடுத்தேன். அதையே ஒரு லட்சம் பிரதிகளாக்கி மூவருக்கும் கொடுத்தேன். சுருக்கரின் பெட்டி கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிட்டது! நிர்வாகக் குழு கைதட்டியது. நானும் தட்டினேன். முடிக்காமல் என்ன செய்யும்? இருந்தது ஒரே முழங்கால்! என்னய்யா அங்கே? "முழங்கால் இப்ப எப்படி இருக்கு?" என்கிறீர்களா? நலம் ஐயா. ஒரு லட்சம் பிரதி இருக்கிறது, ஒன்று போனாலும் கவலையில்லை.

அந்தக் கைதட்டலின் நடுவே கதவைத் திறந்துகொண்டு வந்தார் எங்கள் சலவைப் பிரிவு அண்ணன். கையிலே மருத்துவரின் சீட்டு.

"தங்கச்சி, நெஞ்சுல ஏதோ நிழல் தெரியுதாம். ஏழு வருசத்துக்கு முந்தி இங்கயே ஒரு படம் எடுத்தேன்ல, அதுலயும் இதே அளவு இருந்தா ஒண்ணும் பண்ண வேணாமாம். இல்லன்னா நாளைக்குக் காலைல நெஞ்சைத் திறந்து பாக்கணுமாம். நாலு மணிக்குள்ள வேணும்."

"இதோ எடுத்துத் தர்றேண்ணே" என்று பேக்கப்பைத் திறந்தேன். அவர் பெயர் இருந்தது. நாள் இருந்தது. படத்தின் எண் இருந்தது. படம் இல்லை! அவருக்கு மட்டுமா? ஒருவருக்கும் இல்லை! எட்டு ஆண்டுகளாய்ப் பட்டியலை மட்டும் பத்திரமாய்ப் பிரதி எடுத்துவிட்டு, பச்சை விளக்கைக் காட்டியிருக்கிறது அந்த மென்பொருள். எடுத்து வைத்தேனே தவிர, ஒருநாளாவது எடுத்துப் பார்த்தேனா? இல்லை. யார் குற்றம்? என் குற்றம். இந்த ஒலிபெருக்கியில், இத்தனை பேர் முன்னிலையில், என் குற்றம்.

ஓடிப்போய்ப் பழைய பெட்டியை இயக்கினோம். ஆண்டுக்கணக்கில் நிற்காமல் ஓடிய வட்டுகள், ஒருமுறை நிறுத்தியதும் கோபித்துக்கொண்டன. மூன்று வட்டுகள் சுழலவில்லை. இரண்டு போனால் அந்தப் பெட்டி தாங்கும். மூன்று போனால் தாங்காது. மணி இரண்டரை. நான் வட்டுகளைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். அண்ணனோ நாற்காலியின் விளிம்பில், துவைத்து மடித்த துணிபோல் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் சுருக்கர் கோட்டைக் கழற்றினார். "மேடம், இந்தப் பெட்டிய செஞ்ச கம்பெனியில நான் ஒன்பது வருசம் ரிப்பேர் பாத்தவன்." எந்தப் பெட்டியைக் குப்பை என்று காலையில் திட்டினாரோ, அதன் வட்டைக் கையிலெடுத்து, தூங்கும் பிள்ளையை எழுப்புவதுபோல் மெல்லத் தட்டினார். முதல் வட்டு எழவில்லை. இரண்டாவதும் எழவில்லை. மூன்றாவது முனகிக்கொண்டே சுழன்றது! "எப்ப நிக்கும்னு தெரியாது, சீக்கிரம் எடுங்க!" என்றார். வேகக்காரர் தன் கருவியிலிருந்த என் முழங்கால்களையெல்லாம் அழித்து இடம் கொடுத்தார்; அந்நியர் கருவி என்று அப்போது யார் பார்த்தார்கள்? இரண்டு பெட்டிகளையும் இணைத்த கேபிளின் கொக்கி உடைந்திருந்தது. ஆகவே வானளாவப் பேசிய மேகக்காரர் தரையில் மல்லாந்து படுத்து, முக்கால் மணி நேரம் அதை விரலால் அழுத்திப் பிடித்திருந்தார். சிரிக்காதீர்கள்! அவர் சட்டையில் கறை இன்னும் போகவில்லையாம்.

மூன்று ஐம்பதுக்குப் படம் வந்தது. மருத்துவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே நிழல். அதே அளவு. கத்தி தேவையில்லை.

நாங்கள் துள்ளினோம். அண்ணன் துள்ளவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப, படம் கிடைக்கலன்னா என் நெஞ்சைத் திறந்திருப்பீங்க, அப்படித்தானே தங்கச்சி?"

சபையோரே, நான் என்ன பதில் சொல்வேன்? என்னிடம் வெட்கம் இருக்கிறது; அதோடு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அண்ணன் ஒரு டப்பாவுக்குள் கைவிட்டு, ஏதோ ஒரு நோயாளியின் எண் எழுதிய சீட்டை எடுப்பார். அவர் கையிலுள்ள தேநீர் ஆறுவதற்குள் அந்தப் படத்தை நாங்கள் பேக்கப்பிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். எவ்வளவு வேகமாய் வைப்பாய் என்று இனி யாரையும் கேட்கமாட்டோம். எவ்வளவு சுருக்கி வைப்பாய், எவ்வளவு உயரத்தில் வைப்பாய் என்றும் கேட்கமாட்டோம். திருப்பித் தருவாயா? கேட்ட நேரத்தில் தருவாயா? கேட்டவருடையதையே தருவாயா? வேந்தர்களே, போட்டி போடுங்கள், இதில் போட்டி போடுங்கள்!

யாருடைய கருவியை வாங்கினோம் என்கிறீர்களா? அதைச் சொன்னால் முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள் சாப்பாட்டுக்கு முன்பே காலியாகிவிடும். நான் சொல்லமாட்டேன்.

தலைவர் அவர்களே, உங்கள் அட்டையை இறக்கலாம். இன்று வெள்ளிக்கிழமை. மூன்றாம் வரிசையில், கையில் ஆவி பறக்கும் தேநீரோடு, அதோ எங்கள் அண்ணன் சீட்டை எடுத்துவிட்டார். இந்த முறை பக்கத்துக் கட்டடத்துச் சர்வர் அறைக்கு ஓட வேண்டியவள் நான். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. மீதி வணக்கத்தை வாசலிலிருந்து சொல்கிறேன். அண்ணே, ஊதாம குடிங்க, இதோ வந்துட்டேன்!