மூன்றாம் தரம்

இரவு பன்னிரண்டு தாண்டிவிட்டது. சுவிஸ் நாட்டின் ஆராவ் நகரில், ஆற்றோரப் பாதையில் ஒரு சனம் இல்லை. கடைசி ரயிலில் வந்திறங்கிய அபிஷன் தனியாக நடக்கிறான். தண்ணீர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல்...

"அபி!"

கிட்ட வந்து இருங்கள். சும்மா சும்மா கதவைத் திரும்பிப் பார்க்காதீர்கள். இந்த அபிஷன் வேறு யாருமில்லை, இங்கே உங்களோடு இருக்கிற நம்முடைய துஷாந்தனின் பெரியம்மா மகன். அவனுக்கு அந்தக் குரல் தெரியும். ரெட்டோவின் குரல். ரெட்டோ செத்து ஒரு மாரி கழிந்துவிட்டது.

ரெட்டோ அவனோடு வேலை செய்த சுவிஸ்காரன். பாய்மரப் படகு ஓட்டப் பழக்கியவனும் அவன்தான். இருவருமாக நியூசிலாந்து போய், அங்கிருந்து இன்னும் தெற்கே, ஆளில்லாத தீவுகளுக்கு ஒரு சின்னப் படகில் போனார்கள். விசர் வேலை என்பீர்கள். அபிஷனின் அம்மா ஞானேஸ்வரியும் அதையேதான் சொன்னார். ரெட்டோவை அவர் கண்டதுகூட இல்லை. வெளிக்கிடும்போது மகனை வாசலில் மறித்தார்.

"இரவிலை ஆர் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் உடனை ஓம் எண்டு சொல்லிப்போடாதை. பேய் ரெண்டு தரத்துக்கு மேலை கூப்பிடாது. மூண்டாம் தரமும் கேட்டாப் பிறகு வாயைத் திற."

"சும்மா போங்கோம்மா" என்று சிரித்தான்.

அந்தத் தீவில், கப்பல் உடைந்து செத்த மாலுமிகளின் கல்லறைகளைக் கண்டபின் அந்தச் சிரிப்பு போய்விட்டது. திரும்பி வரும் வழி... இரண்டாம் இரவு. மேலே ரெட்டோ சுக்கான் பிடிக்கிறான். கீழே இவன் படுத்திருக்கிறான். டீசல் மணம். ஈரக் கம்பளி மணம். கயிறுகளில் காற்று ஊளையிடுகிறது.

"அபி!"

எழும்பப் போனவனை அம்மாவின் சொல் பிடித்து நிறுத்தியது.

"அபி!"

போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மூன்றாம் தரத்துக்குக் காத்திருந்தான். வரவில்லை. பாய் மட்டும் படபடவென்று அடிக்கத் தொடங்கியது. மேலே ஓடிப்போய்ப் பார்த்தால்... சுக்கானில் ஆளில்லை. சுற்றிவர இருட்டும் தண்ணீரும்தான்.

எப்படியோ தனியாகக் கரை சேர்ந்தான். "நித்திரையாகிப் போனேன், ஒன்றும் கேட்கவில்லை" என்றான் எல்லோரிடமும். பொறியியல் படித்தவன், பேய்க்குப் பயந்து மூடிக்கொண்டு கிடந்தேன் என்று எந்த வாயால் சொல்வான்? ரெட்டோவுக்கான அஞ்சலிப் பிரார்த்தனைக்குப் போன இடத்தில் அவனுடைய மனைவி அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். "அவர் கூப்பிட்டிருந்தால் நீ ஓடிப் போயிருப்பாய், எனக்குத் தெரியும்" என்றாள். வெட்கத்தில் செத்துப்போகலாம் போல இருந்தது. அந்த வெட்கத்தோடுதான் சாப்பிட்டான், அதோடுதான் படுத்தான்.

இப்போது ஆற்றுப் பக்கத்திலிருந்து இரண்டாம் தரம்.

"அபி!"

நின்று ஒரு 'ஓம்' சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த முறையும் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான். தன்னை நினைத்து அழுதுகொண்டே ஓடினான்.

வீட்டுக் கதவில் திறப்பைப் போடுமுன்பே அம்மா திறந்தார். கையில் ஒரு துவாய்.

"என்னடா இவ்வளவு நேரம்? உன்னைத் தேடி ஒரு வெள்ளைக்காரன் வந்திருக்கு. வெளியிலை நிண்டு உன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. மூண்டு தரமும் கேட்டாப் பிறகுதான் கதவைத் திறந்தனான்."

அவன் அம்மாவைத் தாண்டி உள்ளே வந்தான்.

"உன்ரை அறைக்குள்ளை இருக்கச் சொன்னனான். பாவம், உடம்பெல்லாம் தண்ணி ஊத்துது... இந்தா, துவாயைக் கொண்டுபோய்க் குடு."

வீடெல்லாம் டீசல் மணம், ஈரக் கம்பளி மணம். அறைக் கதவின் கீழால் தண்ணீர் மெல்ல வந்து அவனுடைய காலைத் தொட்டது.