வலது பக்கம் பார்த்தவர்

அண்ணன் கடைசியாகச் சாப்பிட்டது ஒரு வாழைப்பழத்தில் பாதி. மீதியைத் தோலோடு என்னிடம் நீட்டி, "இந்தாடா, வெறும் வயித்துல அடிச்சா உன் பந்து இன்னும் கொஞ்சம் வலது பக்கம் போகும்" என்றார். எங்களோடு கோல்ஃப் ஆட வந்திருந்த கட்டடக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். பழத்தைச் சாப்பிட்டுவிட்டுத் தோலைக் கூடையில் போட்டேன்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் வந்து விசாரித்தீர்கள். விபத்து என்று எழுதி முடித்தீர்கள். நீங்கள் கேட்டவற்றுக்கெல்லாம் நான் உண்மையைத்தான் சொன்னேன். நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது.

அண்ணனும் நானும் சேர்ந்து டைல்ஸ் கடை நடத்தினோம். எங்களிடம் டைல்ஸ் வாங்கும் கட்டடக்காரர்கள் கோல்ஃப் ஆடுவார்கள், அவர்களோடு பழக வேண்டும் என்பதற்காக நாங்களும் ஆடப் பழகினோம். அண்ணனுக்கு அது சீக்கிரம் கைவந்துவிட்டது. என் பந்து கிளம்பும்போது நேராகத்தான் கிளம்பும். பாதி தூரம் போனதும், எதையோ மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல வலது பக்கம் திரும்பிவிடும். இடது பக்கமாகப் பார்த்து அடித்தால் இன்னும் அதிகமாகத் திரும்பும்.

"அவன் பந்துக்கு மாமியார் வீடு அந்தப் பக்கம் சார், விட்டுடுங்க" என்பார் அண்ணன். முதல் தடவை கேட்டபோது நானே வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அதைக் கடையில் சொன்னார், கல்யாண வீடுகளில் சொன்னார். புதுக் கிளையை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது, "இவன்கிட்ட குடுத்தா கடை பக்கத்துத் தெருவுக்குப் போயிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே கிளை அண்ணியின் தம்பிக்குப் போய்விட்டது. ஒருநாள் என் மகளை உட்கார்ந்து படிக்கச் சொன்னேன். "நீங்க முதல்ல பந்தை நேரா அனுப்புங்கப்பா" என்றாள். ஒன்பது வயது. அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே அவள் பெரியப்பாவுடையது.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அதே மகள் காய்ச்சலில் கிடந்தபோது என்னைத் தூங்கச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர். மைதானத்திலும் அப்படித்தான். நான் புதரில் தொலைத்த பந்துகளைத் தேடி எடுத்து, சட்டையில் துடைத்து, என் கையில் கொடுப்பார். மற்றவர்கள் அந்த வேலையைப் பந்து பொறுக்கும் சிறுவர்களிடம் விட்டுவிடுவார்கள்.

ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது விதி. நான் அடிக்கும்போது மட்டும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. முன்னால் நடந்துபோய் இடது பக்கத்து மரநிழலில் நின்றுகொள்வார்கள். என் பந்துக்கு உலகத்திலேயே பத்திரமான இடம் அதுதான் என்று அண்ணன் சொல்வார். இன்னொரு வழக்கமும் உண்டு. பந்து ஆள் இருக்கும் பக்கம் போனால், அடித்தவர் உடனே அந்தப் பக்கத்தைச் சொல்லிக் கூவ வேண்டும். நான் எப்போதும் "வலது" என்றுதான் கூவுவேன். அந்தப் பக்கம் பாதையில் போகிறவர்கள் தலையைப் பொத்திக்கொள்வார்கள். அண்ணன் கண்ணுக்கு மேல் கையை வைத்து, பந்து எந்தப் புதரில் விழுகிறது என்று பார்த்துக்கொள்வார்.

ஊருக்கு வெளியே வலை கட்டிய பயிற்சி மைதானம் ஒன்று இருக்கிறது. மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அங்கே போக ஆரம்பித்தேன். சொல்லிக்கொடுத்த அம்மாள் ஒருகாலத்தில் போட்டிகளில் ஆடியவர். நான் அடித்த நாலைந்து பந்துகளைப் பார்த்ததுமே என் கையைப் பிடித்துத் திருப்பினார்.

"மட்டையோட முகம் திறந்தே இருக்கு சார். பந்து படுற நேரத்துல கதவைச் சாத்தணும். இடது கையைக் கொஞ்சம் உள்ள திருப்புங்க. குனிஞ்சு பாத்தா மூணு விரல் கணு தெரியணும். கழுத்தை நெரிக்கிற மாதிரிப் பிடிக்காதீங்க."

வலது கக்கத்தில் ஒரு துண்டைச் செருகி, அது கீழே விழாமல் அடிக்கச் சொன்னார். மட்டை வெளியிலிருந்து குறுக்கே வருவது நின்றது. மழைக்காலம் முடிவதற்குள் பந்து நேராகப் போனது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி அழுதேன். அன்றே அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். சந்தோஷப்பட்டிருப்பார், சந்தேகமே இல்லை. என் முதுகில் தட்டி, "மாமியார் செத்துட்டாங்களாடா?" என்று கேட்டிருப்பார்.

நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் வேண்டுமென்றே பழையபடி பிடித்து, பழையபடி வலது பக்கம் அடித்தேன். அது கஷ்டமாகத்தான் இருந்தது. பயிற்சி அம்மாளிடம், "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் வளையணும்" என்று கேட்டேன்.

"எதுக்கு சார்? ஒரு வியாதி போய் இன்னொரு வியாதியா?"

எங்கள் மைதானத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது என்றேன். நம்பினார். வலைக்கு இந்தப் புறம், இடது பக்கத்தில் ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் அந்தக் கம்பத்தைப் பார்த்தே அடித்தேன். மர உயரத்தில் ஒரு சிவப்பு வளையம் இருந்தது. கடைசியில் அதற்கும் கீழே, ஆள் உயரத்தில் படத் தொடங்கியது. அங்கே போய்க் கேட்டால் அந்த அம்மாள் சொல்வார். என்னைப் பற்றி அவருக்குப் பெருமைதான்.

காது பக்கமாக ஒரு பந்து போக வேண்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தச் சிரிப்பு பாதியில் நிற்க வேண்டும். அதைத் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொண்டதால் அது உண்மை போலவே இருந்தது.

அன்று பழத்தோலைப் போட்டுவிட்டு வந்து நின்றேன். அண்ணன் வழக்கம்போல முன்னால் போய் மரத்தடியில் நின்றார். "வாடா என் சிங்கமே, மாமியார் காத்திருக்காங்க!" என்றார். குனிந்து பார்த்தேன். மூன்று கணுக்கள் தெரிந்தன. அடித்தேன்.

அந்த விளையாட்டில் நான் அடித்த மிகச் சுத்தமான அடி அதுதான். கையில் அதிர்வே தெரியவில்லை. பந்து கிளம்பியதும் இடது பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். அண்ணன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்திருந்தால் பந்து வருவதை அவர் பார்த்திருப்பார், விலகியிருப்பார். நல்ல ஆட்டக்காரர்.

"வலது!" என்று கூவினேன்.

அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து, எனக்காக வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். பந்து அவர் வலது காதுக்கு மேலே பட்டது.

நீங்கள் வந்தபோது எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். இவர் பந்து எப்போதும் வலது பக்கம்தான் போகும், இவரும் வழக்கம்போல வலது என்றுதான் கூவினார், பாவம் இவருக்கே தெரியாது என்றார்கள். கட்டடக்காரர் அழுதுகொண்டே அண்ணனின் மாமியார் பகடியை உங்களுக்குச் சொல்லிக்காட்டினார். அண்ணன் இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்தது எனக்குச் சாட்சியாக நின்றது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன செய்வீங்க தம்பி, பழக்கதோஷம்" என்றார்.

பழக்கத்தில் கூவினேன் என்று நானும் சொன்னேன். பழக்கம்தான். ஆனால் பந்து எங்கே போகிறது என்று பார்த்த பிறகுதான் கூவினேன்.

மட்டைகளை அன்றே கொடுத்துவிட்டேன். இப்போது கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், கிளையையும் சேர்த்து. காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் துடைப்பத்தை எடுக்கிறேன். குனிந்து பார்த்தால் இடது கையில் மூன்று கணுக்கள் தெரிகின்றன.