பன்னிரண்டு மில்லிமீட்டர் கொப்புளம்

பிஸ்தா நிறம் எனக்கு எடுப்பாக இருக்கும் என்று அம்மா சொல்வாள். அன்றுதான் அந்தச் சட்டையை முதல் முறையாகப் போட்டிருந்தேன், சார். மதியம் நம் கால்நடைக் கல்லூரியில் இறுதியாண்டு குரூப் போட்டோ. காலையில் வீடு வீடாகப் போய், ஸ்கேன் கருவியோடு கையை மாட்டுக்குள் விட்டு, கருப்பையையும் சினைப்பையையும் பார்த்து எழுத வேண்டும். தோள்வரை உறை உண்டு. சாணம் அதையெல்லாம் மதிப்பதில்லை.

முதல் கொட்டகையில் அந்த வீட்டு அக்கா, மாட்டின் நெற்றியைச் சொறிந்தபடி நின்றார். சினை ஊசி போட்டு இரண்டு மாதமாம். முன்பு இரண்டு தடவை நிற்கவில்லையாம்.

"இதுவும் நிக்கலேன்னா அடிமாட்டு வண்டியில ஏத்திடுவேன்னு உங்க மாமா சொல்லிட்டாரு. நல்லாப் பாரு தம்பி."

மாட்டின் பின்னால் போய் வாலைத் தூக்கி, கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல நின்றேன். சினை இல்லை என்று எழுதினேன். இடது சினைப்பையில் முட்டைக் கொப்புளம், பன்னிரண்டு மில்லிமீட்டர். பதினொன்று என்றால் ஏனோ பொய்போல் இருந்தது. பிறகு பருவத்துக்கு வரவைக்கும் ஊசியைப் போட்டேன். சினை மாட்டுக்குப் போட்டால் கன்று கலைந்துவிடும். அந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியவன்.

கை கழுவ அக்கா வெந்நீர் வைத்திருந்தார். சுத்தமான கையைச் சோப்பு போட்டுக் கழுவினேன்.

மூன்றாம் நாள் கூப்பிட்டார். வைக்கோலில் சுண்டெலி அளவில் ஒன்று கிடந்தது. குளம்புகூடப் பிளந்திருந்தது.

"என்ன தம்பி இது?"

"கொப்புளம் வெடிச்ச தோல்தான்க்கா. முட்டை வந்தா இப்படித்தான்."

முட்டை கண்ணுக்கே சரியாகத் தெரியாது, சார். தோல் என்று எதுவும் வெளியே வருவதும் இல்லை. படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார் அக்கா. அதை நானே புதைத்தேன்.

என் எழுத்தைப் பார்த்து மாமா வண்டியை வரவழைத்தார். மாடு ஏற மறுத்ததாம். அக்கா நெற்றியைச் சொறிந்ததும் ஏறிவிட்டதாம்.

வெட்கமாக இருக்கிறது. அந்த அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும். ஒரு மாட்டிடம் செய்த தவறுதானே.

போட்டோவில் உங்கள் பின்னால்தான் நிற்கிறேன், சார். அன்று பட்டியலில் பதினோரு மாடு. சட்டையில் ஒரு பொட்டுக்கூட இல்லை.