ரத்துக்கு ரெண்டு கையெழுத்து

…அரை மணி நேரம்னுதாம்மா சொன்னாங்க. அரை மணி நேரம்! அன்னிக்கு உள்ள போனது காலைல பத்தரை, வெளிய வந்தப்ப மூணே கால். அந்த ஹால்ல ஒரு கடிகாரம் கெடையாது, ஒரு ஜன்னல் கெடையாது. வெளிய வெயிலா மழையான்னுகூடத் தெரியல. கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, பையை வெச்சுக்கிறேன்… ஆங். நீயும் ரத்து பண்ணத்தானே வந்திருக்கே? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

பணம் கட்டி இன்னிக்குப் பத்தாவது நாள். பத்து நாளுக்குள்ள வந்தா கட்டின பணம் திரும்ப வரும். இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கவுண்டரை மூடிட்டான்னா, போச்சு! சமையக்கட்டை இடிச்சுக் கட்ட வெச்சிருந்த பணம்மா அது. காரை பேந்து பேந்து அடுப்புல விழுது. இனிமே குடையப் புடிச்சுக்கிட்டுத்தான் சமைக்கணும்.

எல்லாம் அந்த சூப்பர்மார்க்கெட் வாசல்ல ஆரம்பிச்சது. ஒருத்தி சீட்டு நீட்டினா. பேரு, நம்பரு எழுதிப் போட்டேன். மறுநாளே போனு. “வாழ்த்துக்கள் மேடம், ஆறு பாத்திரம் இலவசம், கணவரோட வந்து வாங்கிக்கங்க.” கணவர் வரலன்னா பாத்திரம் கெடையாதாம். பாத்திரம் வாங்க எதுக்கும்மா ஜோடி? புள்ளைய ஸ்கூல்ல சேக்குற மாதிரி!

எங்க வீட்டுக்காரரு “வேணாமே”ன்னாரு. அவ்வளவுதான். அவருக்கு ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. கரண்டு மீட்டர் பாத்து எழுதற வேலை. வீடு வீடாப் போவாரு, நம்பரைக் குறிப்பாரு, வருவாரு. நாய்ங்கதான் அவருகூடப் பேசும். நான் சொன்னேன், “நீங்க சும்மா வந்து உக்காருங்க. வாயத் தெறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்.”

அங்க போனா, மேசைக்கு ஒரு ஜோடி, ஜோடிக்கு ஒரு ஆளு. எங்களுக்கு வந்தது டை கட்டின ஒரு சின்னப் பொண்ணு. கடல் படம் காட்டுது, மலை படம் காட்டுது. வருஷத்துல ஒரு வாரம் அவங்க பங்களால தங்கிக்கலாமாம், இருபத்தஞ்சு வருஷத்துக்கு. “இந்த விலை இன்னிக்கு மட்டும்தான் மேடம்”னுச்சு. நான் விடுவேனா? “ஏன், நாளைக்குப் பங்களா இடிஞ்சிடுமா?”ன்னேன். “ஒரு வாரத்துத் துணிய நீ வந்து துவைப்பியா?”ன்னேன்.

நடுநடுவுல எந்த மேசைலயாவது எவனாவது கையெழுத்துப் போடுவான். உடனே மணி அடிப்பாங்க, ஹால்ல இருக்கிற அத்தனை பேரும் கை தட்டணும். எதுக்குன்னே தெரியாம நானும் நாலு தடவ தட்டினேன், நாசமாப் போக!

அப்புறம் ஒரு மேனேஜர் வந்தான். “மேடம், நீங்க ரொம்ப நல்லாப் பேசறீங்க. அந்தப் பக்கம் வாங்க, டீ குடிச்சுக்கிட்டே உங்க சந்தேகத்தையெல்லாம் தீத்து வைக்கிறேன்”னான். நல்லாப் பேசறேன்னு சொன்னா எனக்குத்தான் தலகால் புரியாதே! போயிட்டேன். கேட்டேன் பாரு கேள்வி… அவன் ஏசிலயும் கர்ச்சீப்பு எடுத்துட்டான். ஜெயிச்சுட்டோம்டின்னு எந்திரிக்கிறேன், மணி அடிக்குது. எந்த மேசைன்னு பாத்தா, நம்ம மேசை!

மனுஷன் கையெழுத்துப் போட்டு, கார்டையும் தேச்சுட்டு உக்காந்திருக்காரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. “மெரட்டினாங்களா?”ன்னேன். இல்லையாம். “உங்களுக்கு என்ன சார் ஆசைன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. சொன்னேன்”னாரு.

“என்ன சொன்னீங்க?”ன்னேன். “விடு”ன்னாரு.

பத்து நாளா கேக்கறேம்மா. சாப்பிடறப்ப கேக்கறேன், செருப்பு மாட்டறப்ப கேக்கறேன். “கடலா? அதான் டிவில பாத்தோமே. மலையா? மாடி ஏறவே உங்களுக்கு மூச்சு ததிங்கிணத்தோம் போடுது. லீவா? லீவு போட்டு என்ன பண்ணுவீங்க, என் காலைத்தான் சுத்துவீங்க”ன்னு… என்ன சிரிக்கிறே? எங்க நாத்தனாரும் இப்படித்தான் சிரிச்சா. “அண்ணி, எங்கண்ணனப் பதில் சொல்ல விட்டாத்தானே!”ன்னா. இவ மட்டும் என்ன ஒழுங்காம்? புருஷன் தொண்டையச் செருமினாலே டிவி சத்தத்தக் கூட்டிடுவா. அது கெடக்கு.

இப்பப் பாரு, ரத்துன்னா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமாம். நான் போட்டுட்டேன், இதோ. ஆனா பத்திரத்துல முதல் பேரு அவரோடதாம், அதனால அவர மட்டும் உள்ள கூப்பிட்டுக் காரணம் கேப்பாங்களாம். பாடம் சொல்லித்தாம்மா அனுப்பினேன். “வேணாம், ஒத்த வார்த்தை. அதுக்கு மேல மூச்சு விடக் கூடாது.” போயி நாப்பது நிமிஷம் ஆவுது.

அந்தா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ஊதாச் சட்டை. எதுத்தாப்ல அதே பொண்ணு. கையப் பாரேன், எப்படி ஆட்டிப் பேசறாருன்னு! இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணிருக்கேன், அந்தக் கை மேல எந்திரிச்சு நான் பாத்ததில்ல. அந்தப் பொண்ணும் கன்னத்துல கையக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கு. சம்பளத்துக்குத்தான் கேக்குது, எனக்குத் தெரியாதா… ஆனாலும் கேக்குதே.

மணி என்ன? அஞ்சாகப் பத்து நிமிஷமா? கதவத் தட்டிட்டு வந்துடட்டுமா? ஃபாரத்தை நீட்டினா மறுபேச்சில்லாமக் கையெழுத்துப் போட்டுடுவாரு. அது தெரியும். நான் உள்ள கால வெச்ச உடனே அந்தக் கை ரெண்டும் மடில போயி உக்காந்துக்கும். அதுவும் தெரியும்…

உன் டோக்கனா? போம்மா, போ. ஏம்மா, நில்லு நில்லு. அவங்களுக்குப் பக்கத்து மேசைதானே உனக்கு? காதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் குடுத்து, என்ன ஆசைன்னு சொல்றாருன்னு கேட்டுட்டு வந்து சொல்றியா? கவுண்டர மூடினா மூடிட்டுப் போறான். நீ வந்து சொல்லு. நடுவுல நான் ஒரு வார்த்தை பேசினா ஏன்னு கேளு.