தாடி முளைக்காத மாப்பிள்ளை

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் தொப்பி போட்ட, அடர்ந்த தாடிக்காரர் ஒருவரும் கல்யாணம் நிச்சயமாகியிருந்த அவருடைய தங்கை மகளும் இருந்தார்கள். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பதுதான் வழக்கம். அவர் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்:

“தாடி முளைக்காதவனுக்கு எப்பிடி புள்ள, வீட்டக் குடுக்கிற?”

“வீடு என்ட பேரில இரிக்கி மாமா. அவர் என்னோட வந்து இரிக்கப் போறாரு, அவ்வளவுதான்.”

“தாடி வைக்கிறது நபி வழி, சுன்னத்தெல்லோ?”

“வளர்ற தாடியத்தான் வைக்கேலும். வளராதத எங்கால வைக்கிற?”

“ஆம்புளக்குரிய ஹோர்மோன் குறைவெண்டு ஊரே கதைக்குது.”

“ஊரா ரத்தம் சோதிச்ச? டொக்டர் சோதிச்சாரு. எல்லாம் சரியாம். தாடி முளைக்காதது அவங்கட பரம்பரையாம். அவர்ர வாப்பாக்கும் தாடியில்ல, வீடு நெறையப் புள்ளைகள்.”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் விடவில்லை.

“டொக்டர் இன்னொண்டும் சொன்னாரு. தாடிய வளக்கிற அதே ஹோர்மோன்தான் தலமுடியக் கொட்ட வைக்கிறதுமாம்.”

மாமாவின் கை தானாகத் தொப்பியை இழுத்துவிட்டது.

“தொப்பிய ஏன் இழுக்கிறீங்க? நீங்களும் மாமிட வீட்டிலதானே இரிக்கீங்க. முடி கொட்டிட்டெண்டு அவ உங்கள வெளியில போட்டாவா?”