மூச்சு நிற்பதைப் பார்த்தவர்

கண்ணாடியா? மூக்குமேலயேதான் இருக்கு டாக்டர், தெரியும். படியேறினப்புறம்தான் பையிலேர்ந்து எடுத்து மாட்டினேன். அதை விட்டுட்டேன்னு சொல்லாம மறுபடி மாடியேற முடியாதே. என் சம்சாரம் கீழ ரத்த ரிப்போர்ட் வாங்க வரிசைல நிக்கிறா. உட்காரலாமா? நாற்காலி தாங்கும்ல? நூத்தி முப்பத்தெட்டு கிலோ, நீங்களே எழுதினீங்க.

நாடா வச்சுக் கழுத்தளவு எடுத்தீங்க பாருங்க, என் டெய்லர்கூட இவ்வளவு கவனமா எடுத்ததில்ல. நாளைக்கு எடுக்கப்போறது பித்தப்பைக் கல்லு, மயக்கம் குடுக்கற டாக்டர் எதுக்குத் தொண்டைக்குள்ள டார்ச் அடிக்கிறார்னு நெனச்சேன். அப்புறம்தான் சொன்னீங்க. மயக்கம் குடுத்தா இந்த உடம்புல மூச்சு சீக்கிரம் தீந்துடும், தூக்கத்துல மூச்சு நிக்கற ஆளா இருந்தா ஏற்பாடே வேற, மருந்தளவு மாறும், ராத்திரி பூரா மெஷின் வச்சுக் காவல் காக்கணும், தெரியாம விட்டா ஆளே போயிடலாம்னு.

அப்ப கேட்டீங்க, மூச்சு நிக்குதான்னு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவ முந்திக்கிட்டா. பச்சப்புள்ள மாதிரி தூங்குவார், சத்தமே வராதாம். முப்பது வருஷமா எனக்குப் பசிக்குதா இல்லையான்னும் அவதான் சொல்றா. பலனைத்தான் பாக்கறீங்களே. நானும் தலையாட்டி வச்சேன்.

சேச்சே, பொய் சொல்றவ இல்ல. எட்டு வருஷமா அவ உள் ரூம், நான் வாசல் ரூம். நடுவுல ரெண்டு கதவு. அதை உங்ககிட்ட சொல்ல கௌரவம் விடல.

நிக்குது டாக்டர். எழுதிக்கங்க. இருபது, சில நாள் இருபத்திரெண்டு எண்ணற வரைக்கும். அப்புறம் தோள்ல ஒரு தட்டு தட்டினா வந்துடும்.

ஆமா, தூங்கறவனுக்கு எப்படித் தெரியும். எண்ணினவங்க சொன்னாங்க. மாசத்துக்கு ரெண்டு தடவை ஆபீஸ் வேலையா வெளியூர் போறேன். போறேன்னு வீட்ல சொல்றேன்.

என்ன, பேனா நின்னுடுச்சு? பார்த்தவர்னு ஒரு கட்டம் இருக்கா? காலியா விடுங்க. ஃபைலை அவ ஒரு வரி விடாமப் படிப்பா.

நாளைக்கு மெஷினைப் பாத்துட்டு எதுக்குன்னு கேப்பா. ஆள் குண்டு, அதனாலன்னு சொல்லிடுங்க. என்னைப் பத்தி அது ஒண்ணைத்தான் மறுகேள்வி கேக்காம நம்புவா.